விரல் நீட்டாதவர்

அவர் எதையும் விரல் நீட்டிக் காட்ட மாட்டார். பறவையை மட்டுமல்ல. வழி கேட்டவருக்கு வாசலை, பொருளைத் தொலைத்தவருக்கு அது கிடக்கும் இடத்தை, எதையும் வாயால்தான் சொல்வார். பார்க்கைக் கூட்டுகிற அம்மா அவர்; கை விளக்குமாற்றிலேயே இருக்கும்.

ஒருநாள் காலையில் பார்க்குக்கு வந்த ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை எங்கே என்று அவரிடம் கேட்டார்.

"நேராப் போங்கண்ணே. மூங்கிப் பொதரு வரும். அதுக்குப் பீச்சாங்கைப் பக்கம் ஒரு வேப்பமரம் நிக்கும். பாதிக்கு மேல பட்டை இருக்காது. அந்த மரத்துக்கு அங்கிட்டு..."

"யம்மா, கையக் காட்டும்மா!"

"சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன். பட்டை இல்லாத மரத்துக்கு அங்கிட்டு ஒரு தொட்டி..."

வந்தவர் பொறுக்காமல் ஏதோ ஒரு திசையில் ஓடினார். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர் சிரித்தார். "அக்காகிட்ட கக்கூசுக்கு வழி கேட்டா மேலூர் போயிட்டுத்தான் வரணும்."

"ஏன், நீ எந்திரிச்சுப் போயிக் காட்டுறது? ஸ்டூலோட சேத்து ஆணி அடிச்சு வச்சிருக்கா ஒன்னைய?" என்றார் அவர்.

இதுதான் அவர் பேச்சு. எல்லாரிடமும் இப்படித்தான். என்னிடம் மட்டும் 'சார்' போட்டு இதையே பேசுவார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடித்தவன் நான். அடித்த கையால் மறுபடி எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த நாட்களில் அவரை 'நீ' என்றும் 'ஏம்மா' என்றும்தான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்கிறேன். இந்த மரியாதையால் அவருக்கு ஒரு பயனும் இல்லை என்பது தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் மதுரைக்கு மாற்றலாகி வந்தேன். உதவிப் பொறியாளர் வேலை. அலுவலகத்தின் பெயர் எதற்கு? ஊரின் பெரிய பார்க் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. சுற்றிலும் மதில், உள்ளே தூங்குமூஞ்சி மரங்களும் புளியும் மகிழமும். பின்பக்கத்து மூலையில் ஒரு பாழுங்கிணறு, அதை ஒட்டி மூங்கில் புதர், மதிலோரமாகக் காடு மாதிரி வளர்ந்துவிட்ட வேலிச்செடிகள். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. பறவை பார்க்கும் பழக்கம் கல்லூரியில் தொற்றியது. தோளில் பைனாகுலரும் சட்டைப் பையில் சின்ன நோட்டுமாகக் காலை ஐந்தரைக்கே பார்க்குக்குப் போய்விடுவேன். பொறியாளர் அதிகாலையில் வந்து மேற்பார்வை செய்கிறார் என்று அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அந்த நல்ல பெயரை நான் மறுக்கவும் இல்லை.

அவர் திருவாதவூர்ப் பக்கத்துக்காரர். பரம்பரையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். கணவர் போன பிறகு மகளோடு மதுரைக்கு வந்து பார்க்கில் தினக்கூலியாகக் கூட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நாற்பதை நெருங்கும் வயது. கன்னத்தில் எப்போதும் வெற்றிலை அடங்கியிருக்கும்.

முதல் வருடம் ஐப்பசியில் ஒருநாள், புளிய மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தேன். கழுத்து வலித்தது. பின்னால் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

"சார், கண்ணாடியக் கீழ எறக்குங்க. ஒங்க காலுக்கு முன்னாடிதான் நிக்கிது."

"எது?"

"எதத் தேடுறீங்களோ தெரியாது. ஆனா இதப் பாத்தா அத விட்ருவீங்க."

"எங்கே?"

"கெணத்துச் சுவரு தெரியுதா? அதுக்கு இங்கிட்டு ஒத்தைச் செங்கல்லு. செங்கல்லுக்கு இங்கிட்டு ஒரு பெரிய சருகு மல்லாக்கக் கெடக்கு. அதுக்குப் பின்னாடி வாலே இல்லாம ஒண்ணு."

"கையைக் காட்டேம்மா."

"காட்டமாட்டேன். நல்லாப் பாருங்க."

பார்த்தேன். கொஞ்ச நேரம் சருகு மட்டுமே தெரிந்தது. பிறகு சருகு ஒன்று தானாகப் புரண்டது. அதன் பின்னால் பச்சை முதுகு, சிறகில் நீலத் திட்டு, கண் வழியே ஓடும் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமத்தைக் கொட்டியதுபோல் சிவப்பு. ஆறுமணிக் குருவி. புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்திருந்தேன். விடியும்போதும் அடையும்போதும் ஆறு மணி வாக்கில் கத்துவதால் அந்தப் பெயர். அவர் அதைச் சங்குக் குருவி என்பார். ஆறு மணிக்கு மில் சங்கு ஊதும்போது கூடவே இதுவும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். "சங்கு ஒரு நா லேட்டாகும். இது ஆகாது" என்பார்.

ஏன் கை காட்டவில்லை என்று அன்றைக்கே கேட்டேன்.

"பூசணிப் பிஞ்சு விட்ருந்தா வெரல நீட்டிக் காட்டுவாகளா? அழுகிப் போயிரும்ல. இதுவும் அம்புட்டுத்தான்."

நான் படித்தவன். சிரித்தேன். ஆனால் அவரோடு பறவை பார்த்த இரண்டு பருவங்களில், விரலைப் பார்த்துப் பறவையைக் காண்பதற்கும் சொல்லைக் கேட்டுக் காண்பதற்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. விரலைப் பின்தொடர்ந்தால் பறவை மட்டும் கிடைக்கும். அவர் சொல்வதைப் பின்தொடர்ந்தால் கிணறு, செங்கல், சருகு எல்லாம் கிடைத்து, கடைசியில் பறவையும் கிடைக்கும். சொல்லி முடித்ததும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நானாகக் கண்டுபிடிக்கும்வரை வாய் திறக்க மாட்டார். அந்தப் பார்வையில் அவசரமே இருக்காது. இதை இங்கே சொல்லி வைக்கிறேன். பின்னால் ஒருமுறை வருகிறது.

அவருக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லவில்லை. மரத்து உச்சியில் இருப்பவை அவர் கணக்கிலேயே இல்லை. தரையில் நடப்பவை, சருகைப் புரட்டுபவை, அவர் கூட்டும் பாதையில் குறுக்கே வருபவை, இவைதான் அவருக்குப் பறவைகள். மற்றவை 'மேல போறது'. காக்காயைக் கண்டால் கல்லெடுப்பார். பஸ்ஸில் பன்னிரண்டு வயது மகளுக்கு ஐந்து வயது என்று சாதிப்பார். எதிர்ப்பட்டவரையெல்லாம் வைவார், பிறகு மறந்துவிடுவார். அவரை ஒருவர் வைதால் மட்டும் மறக்க மாட்டார்.

பங்குனிதான் எங்களுக்குப் பெரிய மாதம். பனிக்கு வந்த பறவைகள் வடக்கே திரும்பும் காலம். தெற்கேயும் இலங்கையிலும் தங்கியிருந்தவைகூட இந்த வழியாகப் போகும்போது நகரத்தின் நடுவில் இருந்த அந்தப் பச்சைத் துண்டில் இரண்டு நாள், மூன்று நாள் இறங்கி, தின்று, கொழுப்பேற்றிக்கொண்டு போகும். நேற்று ஒன்றுகூட இல்லாத மூலையில் இன்று நான்கு சங்குக் குருவிகள் நிற்கும். மறுநாள் இரண்டு. நீண்ட வெள்ளை வால் ரிப்பனைப்போல் ஆட ஒரு ஈப்பிடிப்பான் மூங்கிலுக்குள் நுழையும். உடம்பைப் பக்கவாட்டில் அசைத்து நடக்கும் கொடிக்கால் வாலாட்டி வரும். நான் நோட்டில் எழுதுவேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இது புதுசு. நேத்து வந்ததுக்கு எடது கால்ல நகம் இல்ல" என்பார்.

"இதெல்லாம் எங்கே போகுது தெரியுமா? இமயமலை அடிவாரத்துக்கு."

"யாரு சொன்னது? அழகர் மலைக்கு."

"இல்லம்மா, ஆயிரம் மைலுக்கு மேலே..."

"சார், சித்திரத் திருநாளுக்கு அழகர் மலைய விட்டு இங்கிட்டு எறங்குறாரு. ஊரே அழகர் பின்னாடி இங்கிட்டு வருது. மலை காலியாக் கெடக்கும்ல? அந்த நேரம் பாத்து இதுக அங்கிட்டுப் போயிருது. கூட்டமில்லாம இருக்கும்."

நான் நோட்டின் ஓரத்தில் 'அழகர் மலை' என்று எழுதிக்கொண்டேன்.

வெளியூரிலிருந்து என் நண்பர் ஒருவர் வந்திருந்தார். கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர், பறவைகளைப் பற்றி நிறைய அறிந்தவர். சங்குக் குருவியைக் கண்டதும் பரவசத்தில் கை முழுக்க நீட்டி, "அதோ! அதோ!" என்றார். அந்த அம்மா வைத்திருந்த தகர வாளி அப்போது சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. பறவை போய்விட்டது.

"காட்டுனீங்கள்ல? போயிருச்சு பாருங்க" என்றார் அவர், வாளியை எடுத்தபடி.

வாளி தவறி விழவில்லை என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

கை காட்டாததற்குப் பிஞ்சு மட்டும் காரணமில்லை என்பதைப் பிறகு ஒருநாள் அவரே சொன்னார். வாசலில் தள்ளுவண்டிக்காரரிடம் இரண்டு டம்ளர் பருத்திப்பால் வாங்கியிருந்தேன். தன் டம்ளரோடு அவர் தள்ளிப்போய் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். நான் அருகே வரச் சொல்லவும் இல்லை.

"எனக்குப் பத்துப் பதினோரு வயசு இருக்கும் சார். அறுப்புல ஒரு கதிர்க்கட்டுக் காணாமப் போச்சு. வயக்காரரு எங்க புள்ளைகளையெல்லாம் நிறுத்தி, 'எடுத்தது யாரு, காட்டுங்க'ன்னாரு. நான் காட்டுனேன்."

"யாரை?"

"எங்க சின்னையாவ. எங்கப்பாவோட தம்பி. எடுத்தது அவருதான். பொய்யில்ல, கண்ணால பாத்தேன். அடியெல்லாம் இல்ல. ஈரக் கட்டத் தலைல தூக்கி வச்சு, பொழுது சாயிற வரைக்கும் வரப்புல நிக்க வச்சாக. எல்லாரும் அந்தப் பக்கமாத்தான் போனோம், வந்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. எறங்கி வந்தாரு. அன்னியிலருந்து எங்கூடப் பேசல. ஒரே வீடு சார், நடுவுல ஒரு மண்ணு சுவருதான். சாகுற வரைக்கும் பேசல."

பருத்திப்பாலைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வண்டியில் வைத்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து நடந்தவற்றுக்கு முன்பே இந்தக் கதை எனக்குத் தெரிந்திருந்தது என்பதை நான் மறைக்கக் கூடாது. நான் சொல்ல வந்த விஷயத்தில் அதுதான் மையம்.

இரண்டாம் வருடம் தை மாதம் அவரிடம் ஒன்று சொன்னேன். "பின் மூலையிலே சருகைக் கூட்ட வேண்டாம். சித்திரை வரைக்கும் அப்படியே கிடக்கட்டும். சருகு இருந்தால்தான் புழு பூச்சி. புழு பூச்சி இருந்தால்தான் போகிற பறவை இறங்கும்."

அவருக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். ஆனாலும் கேட்டார். "பெரியய்யா வந்து கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு."

"காயிதத்துல எழுதித் தருவீங்களா?"

"நான் சொன்னா எழுதினது மாதிரிதான்."

'பெரியய்யா' என்று அவர் சொன்னது எங்கள் மேலதிகாரியை. அந்தச் சமயத்தில் அந்த அம்மா பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. தினக்கூலிக்காரர்களில் சிலரை நிரந்தரமாக்க ஒரு பட்டியல் மேலே போயிருந்தது. அதில் அவர் பெயர் மூன்றாவது. நான்தான் எழுதி அனுப்பினேன். தினக்கூலிக்கு மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. "மழை பேஞ்சா ஊருக்கே சந்தோசம் சார். எனக்கு மட்டும் வயிறு எரியும். காயிதம் வந்துருச்சுன்னா நானும் ஒரு நா மழையப் பாத்துச் சிரிப்பேன்ல" என்பார். வாரத்துக்கு ஒருமுறையாவது, "சார், காயிதம் எங்கன நிக்கிது?" என்று கேட்பார், ஏதோ பஸ்ஸைக் கேட்பதுபோல.

பங்குனியில் அந்த மூலை முழங்கால் உயரத்துக்குச் சருகு மெத்தையாகிவிட்டது. அந்த வருடம் வந்த அளவுக்குப் பறவைகளை நான் அதற்கு முன்னும் பின்னும் அங்கே கண்டதில்லை. நோட்டில் பக்கம் போதாமல் ஓரத்தில் எழுதினேன்.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் மத்தியானம், காற்று சுழற்றியடித்த நேரம், மூலை தீப்பிடித்தது. மதிலுக்கு வெளியே சந்து. யாரோ பீடி குடித்துவிட்டுத் துண்டை உள்ளே எறிந்திருக்க வேண்டும். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. சருகு பற்றி, வேலிச்செடி பற்றி, மோட்டார் அறையின் கூரை பற்றியது. சித்திரைத் திருவிழாவின் தண்ணீர்ப் பந்தல்களுக்காக அந்த அறையை ஒட்டி அடுக்கியிருந்த கீற்றும் மூங்கிலும் முழுசாகப் போயின. தீயணைப்பு வண்டி வருவதற்குள் மூங்கில் புதரும் பாதி கருகிவிட்டது. மனிதர் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அவருக்கு மட்டும் இரண்டு உள்ளங்கைகளிலும் கொப்புளம். ஈரச் சாக்கால் தீயை அடித்ததைவிட, விளக்குமாற்றை வைத்துக்கொண்டு புதருக்குள் நுழைந்து பறவைகளை விரட்டியதுதான் அதிகம் என்று காவல்காரர் சொன்னார். "'ஏய், போங்க, அழகர் மலைக்குப் போங்க'ன்னு கத்துறாங்க சார் அக்கா. பைத்தியம் புடிச்சிருச்சோன்னு நெனச்சேன்."

நான் அப்போது அலுவலகத்தில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை மேலதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. திருவிழாவுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கையில் பந்தல் சாமான் எரிந்ததற்கு அவர் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. தூங்குமூஞ்சி மரத்தடியில் நாற்காலி போட்டார்கள். பார்க் ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், கையில் அட்டையும் பேனாவுமாக.

"பின்பக்கம் யார் கூட்டுறது?"

"நாந்தான்யா." கைகளில் துணி சுற்றியிருந்தது.

"ரெண்டு மாசச் சருகு கெடந்திருக்கு. ஏன் கூட்டலை?"

அந்த அம்மா கைத்துணியின் நுனியை உள்ளே செருகிக்கொண்டார்.

"இங்க பாரும்மா. தினக்கூலி ஆளு, காயிதம் வர்ற நேரத்துல, நீயா இப்படித் துணிஞ்சு செஞ்சிருக்க மாட்ட. யாரோ கூட்ட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. பேர் சொல்லப் பயமா இருந்தாச் சொல்ல வேண்டாம். ஆளக் காட்டு, போதும்."

"நான் கை காட்டமாட்டேன்யா."

"அப்ப வாயால சொல்லு."

அவர் நிமிர்ந்தார். "சொன்னவரு இங்கனதான்யா நிக்கிறாரு. அவரே சொல்லுவாரு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. கெஞ்சவில்லை. கிணறு, செங்கல், சருகு எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நானாகக் கண்டுபிடிக்கும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அதே பார்வை.

மேலதிகாரி வரிசை முழுக்கக் கண்ணை ஓட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

எனக்கு அந்த வருடம் பதவி உயர்வுக்கான கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. வீட்டில் கைக்குழந்தை. இவையெல்லாம் காரணங்கள் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. அந்த அம்மாவின் கை எழாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. வரப்பில் கதிர்க்கட்டோடு நின்ற சின்னையாவை எனக்குத் தெரியும். அந்தப் பருத்திப்பால் கதையின்மேல் கால் ஊன்றி நின்றுகொண்டுதான் நான் பேசினேன்.

"தெரியாது சார். தினமும் கூட்டணும்னுதான் என் உத்தரவு."

காவல்காரர் தலை குனிந்துகொண்டார். நான் தை மாதம் சொன்னபோது அவரும் பக்கத்தில் இருந்தார். அவரும் தினக்கூலிதான்.

அந்த அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, வராத பஸ்ஸை இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தவர்போலத் தலையைத் திருப்பிக்கொண்டார். "நாந்தான்யா கூட்டலை. எழுதிக்கங்க" என்றார்.

எழுதினேன். 'பணியில் அலட்சியம்' என்று நான்தான் எழுதினேன். நல்ல கையெழுத்து என்று எனக்குப் பெயர். பட்டியலில் மூன்றாவது பெயர் போய், நான்காவது பெயர் மூன்றாவதானது. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை. அவர் கிளம்பும்போது விளக்குமாற்றை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, காவல்காரரிடம் மட்டும் "வாரேன்ப்பா" என்றார்.

அடுத்த நாள் ஆறு மணிக்கு மில் சங்கு ஊதியது. கூட வேறு சத்தமில்லை. அதன் பிறகு நான் அதிகாலையில் பார்க்குக்குப் போவதை விட்டுவிட்டேன். பதவி உயர்வு வந்தது.

அவரைத் தேடிப் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை. விலாசம் பதிவேட்டில் இருந்தது. இருந்தும் போகவில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு மாசி மாதம், குழாய்ப் பதிப்பு வேலை ஒன்றைப் பார்க்கப் போகும்போது திருவாதவூர் சாலையில் என் ஜீப் பஞ்சரானது. அதனால் பார்த்தேன். பஞ்சராகாவிட்டால் பார்த்திருக்க மாட்டேன்.

டிரைவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாலையோரத்தில் அறுப்பு நடந்த வயல். வேலமரத்து நிழலில் ஏழெட்டுப் பெண்கள் தூக்குவாளிகளைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்துச் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"சாரு! கண்ணாடி இல்லாம வந்திருக்கீங்க?"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. முடி பாதி நரைத்திருந்தது. நான் வரப்பேறிப் பக்கத்தில் போனேன்.

"பறவை பாக்குறதை விட்டுட்டேன்."

"நீங்க விட்டீங்களா, அதுக விட்டுச்சுகளா?"

பக்கத்துப் பெண் ஒருத்தி சிரித்தாள். நான் மகளைப் பற்றிக் கேட்டேன். மேலூரில் கட்டிக்கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கைகளைப் பார்த்தேன். உள்ளங்கையில் அந்தத் தழும்பு வெளுத்து, தோல் இழுத்துக்கொண்டிருந்தது.

"என் மேலே கோபமா?" என்று கேட்டேன். இதைவிட மட்டமான கேள்வி இருக்க முடியாது. கோபம் இல்லை என்று அவர் சொல்லவேண்டும் என்பதற்காகக் கேட்கப்பட்ட கேள்வி.

"இல்லாம இருக்குமா? நல்லாருக்கே." சோற்றுக் கையைத் தூக்குவாளியின் விளிம்பில் வழித்தார். "அன்னிக்குக் கையத் தூக்கியிருக்கணும். எத்தன நா படுத்துக்கெடந்து நெனச்சிருக்கேன் தெரியுமா? தூக்கல. அது எங்கிறுக்கு சார். நான் காட்டலேங்கறதுக்காக நீங்க நல்லவருன்னு ஆயிராது."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

மற்ற பெண்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி கேட்டாள். "யாருத்தா இவரு? எதப் பத்திப் பேசுறீக?"

"பார்க்குல வேலை போச்சுன்னு சொன்னேன்ல மதினி? சருகக் கூட்டாதன்னு ஒருத்தரு சொன்னாரு, அப்பறம் சொல்லவே இல்லைன்னாருன்னு சொன்னேன்ல?"

"ஆமா. யாரு அது?"

அவர் கையைக் கழுவவில்லை. பருக்கை ஒட்டியிருந்த வலது கையைத் தூக்கினார். நான்கு விரல்கள் மடங்கின, ஒன்று நின்றது. எத்தனையோ விடியல்களில் நான் எவ்வளவு கெஞ்சியும் ஒரு பறவைக்குக்கூட நீளாத அந்த விரல், நேராக என் நெஞ்சுக்கு நீண்டது.

"இந்தா, இவருதான்."

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றேன். மூன்று வருடத் தாமதம். கேட்க வேண்டிய அதிகாரி ஓய்வுபெற்றுப் போய்விட்டார். கேட்டவர்கள் வயலில் உட்கார்ந்திருந்த பெண்கள். வயதானவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாத்தா நல்லாப் படிச்சவுக மாதிரிதான் இருக்காக" என்று சொல்லிவிட்டு மறுபடி சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் வரப்பிலிருந்து இறங்கி நடந்தேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியபோது திரும்பிப் பார்த்தேன். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கையை இறக்கவில்லை. வண்டி நகர நகர, விரலும் கூடவே நகர்ந்து வந்தது.